ஸ்கேனில் தெரிந்த புள்ளிகளும் கைப்பையில் இருந்த அட்டைகளும்

உட்காருவதற்கு முன்பே அந்த அம்மா எம்.ஆர்.ஐ. படத்தை உறையிலிருந்து உருவி என் மேசையில் வைத்தார். 42 வயது. தி.நகர் துணிக்கடை ஒன்றில் நாள் முழுக்க நின்றபடி வேலை. "மூளையில வெள்ளை வெள்ளையா புள்ளி இருக்குன்னு எழுதியிருக்காங்க டாக்டர். எங்க அம்மாவுக்குக் கடைசியில ஞாபகம் தப்பிடுச்சு. எனக்கும் அதுதானா?"

தலைவலி இருபது வருடமாக. பாதித் தலை விண்விண்ணென்று தெறிக்கும், வெளிச்சம் ஆகாது, மல்லிகைப்பூ வாசம்கூட ஆகாது. மஞ்சளாக வாந்தி எடுத்தால் அடங்கும் என்பதால் வீட்டில் 'பித்தம்' என்றார்கள். அப்புறம் 'தலையில் நீர் கோத்திருக்கு' என்று ஆவி பிடித்தார். சைனஸ் என்று ஓர் எக்ஸ்ரே, பவர் என்று இரண்டு கண்ணாடி. என்னிடம் வருகிற பலரும் இந்தச் சுற்றுப்பாதையில்தான் மைக்ரேனுக்கு, அதாவது ஒற்றைத் தலைவலிக்கு, வந்து சேர்கிறார்கள்.

சரி, புள்ளிகள். மைக்ரேன் உள்ளவர்களுக்கு அவை மற்றவர்களைவிட அதிகமாகத் தெரிவது உண்மை. வயது, பிரஷர், சர்க்கரை, சிகரெட் இவற்றாலும் வரும். நெதர்லாந்தில் ஒரே ஆட்களை ஒன்பது ஆண்டு கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வந்தது. மைக்ரேன் உள்ள பெண்களுக்குப் புள்ளிகள் கூடியிருந்தன. ஆனால் அதையொட்டி நினைவாற்றல் சரியவில்லை. மைக்ரேனுக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் சில உண்டு. ஒன்றால்தான் மற்றது வருகிறது என்று எதுவும் நிறுவவில்லை. வலி நாளில் பெயர் மறப்பதும் பில்லைத் தப்பாகப் போடுவதும் வேறு கதை. அந்த மூட்டம் வலியோடு போய்விடும்.

"என்ன மாத்திரை போடுறீங்கம்மா?" என்றேன். கைப்பையைக் கவிழ்த்தார். சீப்பு, ரயில் பாஸ், கோடாலித் தைலம், ஏழு துண்டு அட்டைகள். மருந்துக்கடையில் கத்தரிக்கோலால் நறுக்கித் தந்தவை. நாலில் மருந்தின் பெயரே வெட்டுப்பட்டுப் போயிருந்தது. ஸ்கேனைவிட எனக்கு இதுதான் பயமாக இருந்தது.

பாரசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரையையோ மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரையையோ 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேலாகப் போட்டுவந்தால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். எப்போதோ வந்த வலி இப்படித்தான் மாதம் 15 நாளைத் தொட்டு 'நாள்பட்ட மைக்ரேன்' ஆகிறது. சில வலி மாத்திரைகள் பிரஷரையும் ஏற்றும். மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குப் பிரஷரைப் போல எதிரி கிடையாது.

இன்னொன்றும் கேட்டேன்: வலிக்கு முன்னால் கண்ணில் ஏதாவது தெரியுமா? "மின்சார ரயில்ல வரும்போது ஓரமா பல்லு பல்லா ஒரு வெளிச்சம் ஓடும்." இதை ஆரா என்போம். மூளையின் மேற்புறத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும் ஒரு மின் அலை. 1944-ல் லியாவ் என்ற பிரேசில்காரர் முயல் மூளையில் முதலில் பதிவு செய்தது. ஆரா உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பு. இளவயதில் அடிப்படை அபாயமே சிறியது என்பதால் பதற வேண்டாம். ஆனால் கூடவே சிகரெட்டோ ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையோ சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். கருத்தடை மாத்திரை எழுதுபவரிடம் ஆரா இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். (இந்த அம்மாவிடம் இரண்டும் இல்லை.)

திடீரென இடி விழுந்தாற்போன்ற வலி, கை கால் தளர்வு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலி: இவற்றுக்கு ஆவி பிடித்துக் காத்திருக்க வேண்டாம்.

அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு, தடுப்பு மருந்து ஒன்று எழுதினேன். பழைய மாத்திரைகளை நிறுத்துவதால் முதல் இரண்டு வாரம் வலி கூடும் என்று முன்கூட்டியே சொன்னேன். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளைத் தூக்கிப் போடாமல், வலி வந்த நாளில் சிவப்பு வட்டம், மாத்திரை போட்டால் குறுக்குக்கோடு.

மூன்று மாதம் கழித்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டுத் தாளோடு வந்தார். முதல் மாதம் 22 வட்டம், கடைசி மாதம் 8. "புள்ளி போயிருக்குமா டாக்டர், இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிரஷர் பார்க்கக் கையை நீட்டச் சொன்னேன்.