மீந்த மாத்திரையா, புதுப்பயனா?

போன ஞாயிறு மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் ஒரு மருத்துவ உரை. முடிந்ததும் பக்கத்து நாற்காலிப் பெரியம்மா துண்டறிக்கையை என்னிடம் நீட்டி, கிரியோலில் கேட்டார்: "ஒருத்தர் சாப்பிட்டு மீந்த மாத்திரையை இன்னொருத்தருக்குக் கொடுக்கிறார்களா, தம்பி?" அறிக்கையில் இருந்த வரி: 'மூளைக்கட்டிக்கு மருந்து மறுபயன்பாடு'. பெரியம்மா மேல் தப்பில்லை.

ஆங்கிலத்தில் 'டிரக் ரீபர்பஸிங்'. பர்பஸ் என்றால் நோக்கம், பழைய பிரெஞ்சு வழி வந்த சொல். ஒரு நோய்க்கென்று வந்த மருந்தை வேறொரு நோய்க்குப் பயன்படுத்திப் பார்ப்பது, அவ்வளவுதான்.

'மறு' என்பதற்கு 'வேறு' என்ற பொருளும் உண்டு. மறுகரை, மறுபக்கம் என்கிறோமே. ஆனால் 'மறுபயன்பாடு' என்றதும் கழுவிய பாட்டிலும் கழிவுநீரும்தான் மனத்தில் வருகின்றன. அந்தச் சொல்லைச் சுற்றுச்சூழல்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். 'மாற்றுப்பயன்' என்றால்? மாற்று மருந்து என்று சித்த வைத்தியம் பக்கம் போய்விடுவார்கள். கீமோவில், அதாவது புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையில், இருப்பவர் வீட்டில் அந்தக் குழப்பம் ஆபத்து. பிரெஞ்சு 'ரெபொசிசியொன்மான்' பார்த்து ஒருவர் 'மறுநிலைப்படுத்தல்' என்று எழுதியிருந்தார். அலமாரியை நகர்த்துகிற மாதிரி இருக்கிறது. நம் தீவில் மொழிபெயர்ப்பவர்கள் இடப்பக்கம் பிரெஞ்சையும் வலப்பக்கம் ஆங்கிலத்தையும் வைத்துக்கொள்கிறார்கள். எதிரே உட்கார்ந்து கேட்பவரை மட்டும் பார்ப்பதில்லை.

நான் சொல்வது 'புதுப்பயன்'. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராமை எடுத்துக்கொள்ளுங்கள். கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டிக்கு டெமோசொலோமைடு என்ற கீமோ மருந்து கொடுத்தால் அது கட்டிச் செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும், எம்.ஜி.எம்.டி. என்ற புரதம் அந்தச் சிதைவைச் சரிசெய்து மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். அந்தப் புரதத்தை டைசல்பிராம் முடக்குவது ஆய்வகத்தில் தெரிந்தது. மருந்து பழையது, பயன் புதியது.

முதலில் 'புதுப்பயனாக்கம்' என்றுதான் எழுதிவந்தேன். ஆனால் கட்டி திரும்பி வந்தவர்களுக்குக் கீமோவுடன் டைசல்பிராம் சேர்த்துப் பார்த்த ஸ்வீடன், நார்வே ஆய்வு 2023இல் வெளியானது, ஆயுள் கூடவில்லை. ஆகாததை 'ஆக்கம்' என்பதா? ஆய்வில் இருக்கும்வரை 'புதுப்பயன் தேடல்' என்போம். தூக்க மருந்தாக வந்த தாலிடோமைடு போல, பிறவிக்குறைகளை உண்டாக்கியதால் 1961இல் விலக்கப்பட்டு 2006இல் எலும்பு மஜ்ஜைப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றதைப் 'புதுப்பயன் மருந்து' என்று தாராளமாகச் சொல்லலாம்.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ புது மாத்திரைதானே, மீந்தது இல்லையே?" என்று இன்னொரு முறை உறுதிப்படுத்திக்கொண்டுதான் எழுந்தார்.