பழைய ஆபீஸ் கட்டடத்தில் சொகுசு ஃபிளாட்டா? சிமெண்ட் மூட்டையைக் கீழே வையுங்கள்

இந்த மழைக்கும் குன்னூர்ப் பக்கம் அதே கதைதான். பழைய ஆபீஸ் கட்டடத்தைச் சொகுசு ஃபிளாட்டாக மாற்றி விற்கிறார்கள். வாங்கியவர் ஜூலையில் வந்து பார்த்தால், ஹால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். உடனே கொத்தனாருக்கு போன்: “சிமெண்ட்டைக் கெட்டியாப் பூசி, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சிடுப்பா.” சுவருக்குச் சனி பிடிப்பது அங்கேதான்.

“நியூயார்க்கில் 1913-இல் திறந்த வுல்வொர்த் ஆபீஸ் கட்டடத்தின் மேல்தளங்களே ஃபிளாட் ஆகவில்லையா?” என்கிறார்கள். ஆயின. ஆனால் அதைத் தாங்குவது எஃகுச் சட்டகம். இங்கே பாரம் முழுக்கச் சுவர் மேல். அதுவும் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய, ஒன்றரை இரண்டு அடி கனச் சுவர்.

அந்தச் சுவருக்குள் ஈரம் வரத்தான் செய்யும். வந்த ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிவிடும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும், மண்ணிலிருந்து ஏறுவது மட்டும் நிற்காது. முழங்காலில் இருந்த ஓதம் இடுப்புக்கு ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து அதை வெளியே தள்ளும். பூச்சும் சும்மா விழாது, செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டுதான் விழும். அதற்கு மேல் இன்னும் கெட்டியாக ஒரு பூச்சு! சுவருக்குள் செருகிய தேக்கு உத்திரத்தின் நுனி இதற்குள் ஊறிப்போயிருக்கும். வெளியே பாலிஷ் மின்னும், நுனியில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் அரை அங்குலம் இறங்கும்.

தண்ணீர் புகாத பெயிண்ட் உள்ளே இருப்பதை வெளியேறவும் விடாது.

முதலில் வெளியே போய் மேட்டுப்பக்கச் சுவரடியைப் பாருங்கள். பூப்பாத்திக்காக மண்ணை அணைத்திருப்பார்கள், இல்லையென்றால் பேவர் போட்டுத் தரையை உயர்த்தியிருப்பார்கள். வெளித்தரை உள்தரையைவிட 6 அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். கூரையோரத் தகர மழைநீர்க் காலில் இலை அடைத்திருக்கிறதா பாருங்கள். பாதி ஓதம் இங்கேயே தீரும்.

பிறகு ஓதக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை சிமெண்ட் பூச்சைக் கையுளியால் எடுங்கள், பிரேக்கர் வேண்டவே வேண்டாம். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், கழுவினால் திரும்ப உள்ளே போகும். சுவரை நன்றாகக் காயவிட்டு, உறைபனி முடிந்த பிறகு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு சலித்த மணல் கலந்து, தடவைக்கு 10 மி.மீ. பூசுங்கள். ஒரு வாரம் ஈரச்சாக்கு. கடுக்காய், கருப்பட்டி சேர்த்தால்தான் சுண்ணாம்பா என்ற சண்டை அப்புறம், முதலில் அவசரப்படாத கொத்தனாரைப் பிடியுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும்.

மரத்தளத்தின் மேல் குளியலறை அமைத்திருந்தால் எஞ்சினியரின் பாரக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். ஒரு அடி செங்கல் ஜல்லி நிரப்பினாலே சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் வரும். பாத்டப் தண்ணீர் 300 லிட்டர் தனி.

கடைசியாக, குளிருக்குப் பயந்து யூபிவிசி ஜன்னலால் வீட்டை இறுக்கி அடைத்துவிட்டு, குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டாதீர்கள். புகைபோக்கியை அடைத்த அறையில் கரியடுப்பு மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கீசர் வீட்டுக்கு வெளியே, வெளிச்சுவரில் இருக்கட்டும், புகைபோக்கி உச்சியில் மழை புகாமல் காற்று மட்டும் போகும் தொப்பி போடுங்கள்.