காலி உறையை முதலில் முக்குங்கள்

பாட்டுக் கேட்கும் பிளேயர்களைப் பழுது பார்ப்பது என் வேலை. நனைந்து வருபவற்றில் சில, 'தண்ணீர் புகாத' உறைக்குள் இருந்தபடியே நனைந்தவை. "சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் சார் போட்டேன்" என்றார் ஒருவர். பொய்யில்லை. வாளியில் முக்கிப் பார்த்திருக்கிறார், உள்ளே சொட்டு ஈரமில்லை. ஆனால் அப்போது இயர்போன் செருகவில்லை. நீச்சல் குளத்தில் செருகினார். தண்ணீர் அந்தத் துளை வழியாகத்தான் போயிருந்தது.

மூடியைவிட அந்தத் துளைமேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். நீந்தும்போது வயர் இழுபடும். பின்னைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஒரு பக்கம் நசுங்கினால் மறுபக்கம் வழிவிடும். அதனால் சோதனையையும் இயர்போனோடுதான் செய்ய வேண்டும். பிளேயருக்குப் பதிலாக ஒரு இரும்புத் துண்டை டிஷ்யூ பேப்பரில் சுற்றி உள்ளே வையுங்கள். எடை இல்லாவிட்டால் உறை மிதக்கும். பேப்பரில் மைப் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சிறு துளிகூட மையைக் கலைத்துக் காட்டிக்கொடுக்கும். அரை மணி நேரம் முக்கி, இடையிடையே பட்டன்களை அழுத்தி, வயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் விளிம்பில் நின்ற நீர் உள்ளே சொட்டி, நல்ல உறைமேலும் பழி விழும்.

உறையில் ஐபிஎக்ஸ்7 என்று நீர் தாங்கும் தரக் குறியீடு போட்டிருக்கிறதே என்பார்கள். 1 மீட்டர் ஆழத்தில், அசையாத நன்னீரில், 30 நிமிடம் தாங்கும் என்பதுதான் அதற்குப் பொருள். குதிப்பது, கடல் அலை, வெந்நீர் ஷவர் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

வெயிலை யாரும் நினைப்பதே இல்லை. 40 டிகிரி சூட்டில் மூடிய கெட்டியான உறையை 20 டிகிரி தண்ணீரில் போட்டால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து, அழுத்தம் ஏறக்குறைய 6 சதவீதம் இறங்கும். சுமார் 65 சென்டிமீட்டர் ஆழத்து நீரின் அழுத்தத்துக்கு அது சமம். மேலே மிதக்கும்போதே உறை தண்ணீரை உறிஞ்சப் பார்க்கும். நிழலில் ஆறவைத்து, பிறகு மூடுங்கள். குளிர்ந்த நீரில் உள்ளே படியும் மெல்லிய பனிமூட்டம் வேறு விஷயம். அது பெரும்பாலும் காற்றிலிருந்த ஈரம்தான், கசிவு அல்ல. ஈரத்தை உறிஞ்சும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

ஒவ்வொரு முறையும் மூடும் முன் ரப்பர் வளையத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு தலைமுடியோ மணல் துகளோ சிக்கியிருந்தாலே நீருக்கு வழி கிடைத்துவிடும். கடலில் இறங்கினால், திறக்கும் முன் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

மீறி நனைந்துவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜ் போட வேண்டாம். அரிசிக்குள்ளும் புதைக்க வேண்டாம். ஈரம் அதற்குள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், சாக்கெட்டில் ஒட்டிய அரிசி மாவைச் சுரண்டுவது என் முதல் வேலையாகிவிடும்.