கருத்தடை என்றால் ஆபரேசன் மட்டுமா?

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ‘கருத்தடை’ என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலோர் மனதில் வருவது ஆபரேசன்தான். நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் இந்தச் சொல் அடிக்கடி கண்ணில் படுவதும் தெருநாய்ச் செய்திகளில்: நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்தார்கள் என்று. அங்கேயும் நடப்பது அறுவை சிகிச்சை. மருத்துவத்திலோ இந்தச் சொல்லுக்குள் மாத்திரை, ஊசி, ஆணுறை, கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி எல்லாம் அடக்கம். ஊர் வழக்குக்கும் மருத்துவ வழக்குக்கும் இருக்கும் இந்தத் தூரம் பெண்களின் உடம்பைப் பாதிக்கிறது. அதனால்தான் சொல்லை அடியிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கரு + தடை. நடுவில் த் மிகுந்து கருத்தடை ஆயிற்று. ‘கருத்து’ என்ற சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கரு பழைய சொல். முதல், கரு, உரி என்று தொல்காப்பியம் பகுக்கும் மூன்றில் ஒன்று அது. முட்டையின் கரு, கோயிலின் கருவறை, கதையின் கரு என்று எங்கே வந்தாலும் உள்ளே பொதிந்திருப்பதையே சுட்டுகிறது. பேச்சில் மட்டும் அது அதிகம் வருவதில்லை. மாடு சினையாக இருக்கும். பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது ‘முழுகாம இருக்கறா’, ‘மாசமா இருக்கறா’ என்போம். ஆகவே கருத்தடை எழுத்தில் பிறந்து பேச்சுக்கு வந்த சொல்.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் கான்ட்ராசெப்ஷன் என்பது ‘எதிர்’, ‘கருத்தரிப்பு’ என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. தடுக்கப்படுவது கரு அல்ல, கருத்தரிப்பு. முழுதாக விரித்தால் ‘கருத்தரிப்புத் தடை’ என்று வரவேண்டும். வாய்க்கு வசதியாகச் சுருங்கிவிட்டது. சுருங்கியதில் ஒரு குழப்பமும் புகுந்தது. உண்டான கருவைத் தடுத்து அழிப்பது என்று பொருள் கொண்டு, காப்பர் டி வைத்தால் மாதாமாதம் கரு கலையும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் காப்பர் டி-யிலிருந்து கசியும் செம்பு அயனிகள் விந்தணுவைச் செயலிழக்க வைக்கின்றன. விந்தணு முட்டையோடு சேருவது அங்கேயே தடைபடுகிறது. மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரை முட்டை வெளியாவதை நிறுத்துகிறது. இரண்டிலும் கரு உண்டாவதே இல்லை. உண்டான கருவை நீக்குவதற்குப் பெயர் கருக்கலைப்பு. அது வேறு செயல். அதற்கு 1971-இல் இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது.

கருத்தடைக்கு முன்பு எழுத்தில் நடமாடியது ‘கர்ப்பத்தடை’. இந்த இடத்தில் கொங்கு நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1925-இல் ஈரோட்டில் ‘குடி அரசு’ ஏட்டைத் தொடங்கிய பெரியார் இந்தப் பொருளை ‘கர்ப்பத்தடை’ என்ற பெயரிலேயே எழுதினார். ‘பர்த் கன்ட்ரோல்’ (பிறப்புக் கட்டுப்பாடு) என்ற தொடரை மார்கரெட் சாங்கர் என்ற செவிலியர் அமெரிக்காவில் 1914-இல் பரப்பத் தொடங்கியிருந்தார். அதன் நிழலில் ‘கர்ப்ப ஆட்சி’ என்றும் தமிழில் வழங்கினார்கள். பிறர் வறுமை, மக்கள்தொகை, உடல்நலம் என்று காரணம் சொன்னபோது, பெரியார் பெண்ணின் விடுதலையைக் காரணமாக வைத்தார். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது அவள் முடிவாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். பின்னாளில் தமிழ்ச் சொல்லாக்கம் கர்ப்பத்தை விலக்கிக் கருவை வைத்துக்கொண்டது. சொல் நல்லபடியாக மாறியது. அதோடு ஒட்டியிருந்த அந்த வாதம்தான் பின்னுக்குப் போயிற்று.

அதற்குக் காரணம் அடுத்து வந்த சொல். 1952-இல் இந்திய அரசு இதற்கென்று தேசியத் திட்டம் தொடங்கியது. உலகிலேயே முதல் நாடு நாம்தான். ஆங்கிலத்தில் அதன் பெயர் குடும்பத்தைத் திட்டமிடுவது. தமிழில் ஊன்றியதோ ‘குடும்பக் கட்டுப்பாடு’. தலைகீழான சிவப்பு முக்கோணம் சுவரெங்கும் ஏறியது. திட்டமிடுவது குடும்பத்தார் செய்வது. கட்டுப்படுத்துவது யாரோ வெளியிலிருந்து செய்வது. 1975–77 நெருக்கடி நிலையில் வட மாநிலங்களில் நடந்த கட்டாய அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு, 1977-இல் அரசே பெயரைக் குடும்ப நலம் என்று மாற்றிக்கொண்டது. போர்டு மாறியது, பேச்சு மாறவில்லை. இன்றும் ‘ரெண்டாவது குழந்தையோட கு.க. பண்ணிக்கிட்டா’ என்றுதான் சொல்கிறோம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படியும் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நம்பியிருப்பது அந்த அறுவை சிகிச்சை ஒன்றைத்தான். ஆண்கள் செய்துகொள்வது மிக மிக அரிது. அவர்களுக்கான சிகிச்சை இதைவிடச் சின்னது, தையல்கூடத் தேவைப்படாதது என்பதை நினைத்தால் இது நியாயமே இல்லை.

இதன் விளைவைத் தெரிந்துகொள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவேடு எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நின்றால் போதும்.

‘கருத்தடை ஏதாச்சும் பண்ணியிருக்கியா கண்ணு?’

‘இல்லீங்கக்கா. ஒரு குழந்தைதானுங்களே ஆச்சு.’

நர்ஸ் அக்கா பதிவேட்டில் ‘இல்லை’ என்று எழுதிவிடுவார். அந்தப் பெண்ணுக்குப் பிரசவத்தன்றே காப்பர் டி வைத்திருப்பார்கள். அவள் பொய் சொல்லவில்லை. ஆபரேசன் செய்தாயா என்று கேட்டதாக நினைத்துப் பதில் சொல்கிறாள். மூன்று மாதமாகத் தூரம் (மாதவிலக்கு) அதிகமாகப் போகிறது என்று பிறகு வேறொரு மருத்துவரிடம் போகும்போது, காப்பர் டி இருப்பதே அவருக்குத் தெரியாது. ரத்தசோகைக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்.

ஆகவே எழுதும்போது இரண்டாகப் பிரிப்பதே சரி: தற்காலிகக் கருத்தடை, நிரந்தரக் கருத்தடை. அறுவை சிகிச்சைக்கு ‘மலடாக்கம்’ என்று சில சொல்லகராதிகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைப் பெண்களிடம் சொல்லாதீர்கள். மலடி என்பது நம் ஊர்களில் வசைச்சொல். கருக்குழாய் அடைப்பு, விந்துக்குழாய் அடைப்பு என்பவை செயலை அப்படியே சொல்கின்றன, யாரையும் புண்படுத்துவதுமில்லை.

காப்பர் டி-யைத் தமிழாக்கவே வேண்டாம் என்பது என் முடிவு. ‘கருப்பையகச் சாதனம்’ பாடநூலில் இருக்கட்டும். 1965-இல் அரசுத் திட்டத்தில் வந்தது லிப்பீஸ் லூப், வளைந்து நெளிந்த பிளாஸ்டிக். அது மறைந்தே போனாலும் பெரியவர்கள் இன்னும் காப்பர் டி-யையும் ‘லூப்பு’ என்கிறார்கள். வளையம் என்ற சொல்லும் அந்தக் காலத்து வாசனைதான். இப்போதுள்ளது T எழுத்தை ஒத்த வடிவப் பிளாஸ்டிக்கில் செம்பு சுற்றியது. 380ஏ என்ற வகை 10 ஆண்டும், 375 என்ற வகை 5 ஆண்டும் வேலை செய்யும். அந்த எண் செம்பின் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் சொல்கிறது. டிஸ்சார்ஜ் அட்டையில் ‘காப்பர் டி’ என்றுதான் இருக்கும். அட்டையில் இருக்கும் சொல்லே வாயிலும் இருந்தால் அவளால் கேட்டு வாங்க முடியும், வேண்டாதபோது எடுக்கச் சொல்லவும் முடியும்.

அடுத்தது ‘பாதுகாப்பு’. கருத்தடை பாதுகாப்பானதா என்று மொட்டையாகக் கேட்டால் பதிலே கிடையாது. யாருக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். 1960-இல் அமெரிக்கா அனுமதித்த முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் வகை மருந்து 150 மைக்ரோகிராம் இருந்தது. அடுத்த ஆண்டே ரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்த ஒரு பெண்ணைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் ஒருவர் எழுதினார். அதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளால் அளவு குறைந்துகொண்டே வந்து, இன்று அரசு இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் 30 மைக்ரோகிராம்தான் இருக்கிறது. 28 மாத்திரையில் 21-இல் மட்டுமே ஹார்மோன். மீதி 7 இரும்புச் சத்து. ஓர் ஆண்டில் 10,000 பெண்களை எடுத்துக்கொண்டால், மாத்திரை சாப்பிடாதவர்களில் 1 முதல் 5 பேருக்கும், சாப்பிடுகிறவர்களில் 3 முதல் 9 பேருக்கும் ரத்தம் உறைகிறது. கர்ப்பிணிகளில் இது 5 முதல் 20. பிரசவத்துக்குப் பிந்தைய 12 வாரங்களில் 40 முதல் 65 என்ற விகிதத்துக்கு ஏறுகிறது. மாத்திரையைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு இந்த நான்கு எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனாலும் எல்லோருக்கும் அது பொருந்தாது. கண்ணில் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி, கட்டுப்படாத ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1996 முதல் வெளியிட்டுவரும் தகுதி வரையறை ஒவ்வொரு உடல்நிலைக்கும் ஒவ்வொரு முறையையும் 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. 1 என்றால் தடையின்றிக் கொடுக்கலாம், 4 என்றால் கொடுக்கவே கூடாது.

இதெல்லாம் மகப்பேறு மருத்துவர் வேலை, குழந்தை மருத்துவருக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வரும் தாய் சந்திக்கும் மருத்துவர் பெரும்பாலும் அவர்தான். ‘மாத்திரை சாப்பிட்டா பாலுக்கு ஆகுமுங்களா?’ என்ற கேள்வி அவரிடம்தான் வரும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதம் ஏற்றதல்ல. காப்பர் டி பாலை ஒன்றும் செய்யாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியை 6 வாரம் கழித்துப் போடலாம். லக்னோவில் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையும் அரசுத் திட்டத்தில் பால் கொடுப்பவர்களுக்கு அனுமதி பெற்றது. குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, தூரமும் திரும்பாமல் இருந்தால் பாலூட்டுவதே 98 விழுக்காடு கருத்தடை. மூன்றில் ஒன்று தவறினாலும் கணக்கு தவறும்.

வளரிளம் பெண்களிடம் இந்தச் சொல் இன்னொரு விதமாக இடிக்கிறது. வயதுக்கு வந்த புதிதில் ரத்தப்போக்கு நிற்காமல் ஹீமோகுளோபின் இறங்கிவிடும் பெண்பிள்ளைக்கு, மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் கலந்த இதே மாத்திரையைச் சிகிச்சையாக எழுதுவார். மருந்துக்கடைக்காரர் அட்டையைப் பார்த்துக் ‘கருத்தடை மாத்திரைங்க’ என்றுவிடுவார். ‘ஏனுங் டாக்டர், கண்ணாலம் ஆகாத புள்ளைக்கு இதையா குடுப்பீங்க?’ என்று தாய் கலங்கித் திரும்பி வருவார், அல்லது வராமலே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார். அந்த இடத்தில் அதற்கு ‘ஹார்மோன் மாத்திரை’ என்பதே பொருத்தமான பெயர். சீட்டு எழுதும்போதே மருத்துவர் அதைத் தாயிடம் சொல்லி, கடையில் வேறு பெயர் சொல்வார்கள், அதுவும் இதே மருந்துதான், உதிரப்போக்கை நிறுத்தத்தான் கொடுக்கிறேன் என்று விளக்கிவிட வேண்டும்.