மாங்கா அடிப்பவருக்கு என்ன பெயர்?

பேஸ்பால் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ் வசன வரிகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மட்டையாளரை நோக்கிப் பந்து போடும் ஆட்டக்காரரான பிட்சர் வரும் இடமெல்லாம் 'பந்துவீச்சாளர்' என்று போட்டிருந்தார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் 'குடம்'. குடத்தை அப்போதே மன்னித்துவிட்டேன். இயந்திரம் உளறியது என்று குழந்தைக்கும் தெரியும், சிரித்துவிட்டுப் போய்விடலாம். பந்துவீச்சாளரைத்தான் மன்னிக்க முடியவில்லை. அது பார்க்கச் சரியாகவே இருக்கிறது.

குடத்தைக் குறிக்கும் பிட்சர் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வேறொரு சொல். நம் ஆட்டக்காரர் 'பிட்ச்' என்ற வினையிலிருந்து வந்தவர். குத்தி நடுவது அதன் பழைய பொருள். ஆங்கிலத்தில் கூடாரம் அடிப்பதற்கும் அதே வினைதான். ஸ்டம்பை நட்ட இடம் என்பதால்தான் கிரிக்கெட் ஆடுதளத்துக்கும் பிட்ச் என்று பெயர். நடுவது என்பது குறியில் போய் விழும்படி போடுவது என்று நகர்ந்தது. சொற்பிறப்பு இவ்வளவுதான்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். பந்துவீச்சாளர் கிரிக்கெட்டுக்காக நாம் உண்டாக்கிய சொல், நல்ல சொல். கை வீசி நடக்கிறோம், வலை வீசுகிறோம், வாள் வீசுகிறார்கள். வீசும்போது கை தோளிலிருந்து அகலமாகச் சுழல்கிறது. முழங்கை மடங்கி நிமிரக் கூடாது என்ற கிரிக்கெட் விதிக்கு அந்த வினை அப்படியே பொருந்திவிட்டது. முழங்கையை மடக்கி, வெடுக்கென்று நிமிர்த்தி விடுவதற்குப் பெயர் எறிதல். மாமரத்தில் கல்லெறிகிற மாதிரி பந்து போடுகிறவனைத் தெருக் கிரிக்கெட்டில் 'மாங்கா அடிக்கிறான்' என்று கத்துவோமே, அதுதான். 1995இல் மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர் முத்தையா முரளிதரனின் பந்துகளை நோ பால் என்று அறிவித்தபோது எழுந்த சண்டையும் இந்த இரண்டு வினைகளுக்கு இடையில்தான். வீசுகிறாரா, எறிகிறாரா? முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்று பிற்பாடு வரம்பு வைத்தார்கள்.

கிரிக்கெட்டில் எறிவது குற்றம். பேஸ்பாலில் அதற்குத்தான் சம்பளம்.

பிட்சர் டாமி ஜானைப் பாருங்கள். இடக்கைக்காரர், 1974இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தபோது முழங்கைத் தசைநார் அறுந்துபோனது. அந்தக் காலத்தில் அத்தோடு கதை முடிந்தது என்று அர்த்தம். மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலக்கையிலிருந்து ஒரு நாரை எடுத்து இடது முழங்கையில் வைத்துத் தைத்தார். 1975 முழுக்க ஆடவில்லை, 1976இல் திரும்பி வந்தார், 1989 வரை எறிந்தார். பிட்சராக அவர் பெயரில் மொத்தம் 288 வெற்றிகள், அதில் 164 அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. இன்றைக்கு அந்தச் சிகிச்சைக்கே அவர் பெயர்தான். எறிவது, அடிப்பது இரண்டும் செய்யும் ஷோஹெய் ஒட்டானிக்கு 2018, 2023 என இரண்டு முறை முழங்கையில் அறுவை. அவற்றுக்கு அடுத்த பருவங்களான 2019இலும் 2024இலும் அவர் மட்டை மட்டும்தான் பிடித்தார். ஒரு பிட்சரின் பிழைப்பு முழுக்க அந்த மூட்டில் இருக்கிறது. முழங்கையை ஒளித்துவைக்கும் ஒரு வினையால் அவரை அழைத்தால் எப்படி?

மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அதான் புரியுதே, அப்புறம் என்ன?" என்றார். புரியவில்லை, தப்பாகப் புரிகிறது, அதுதான் என் வழக்கு. பந்துவீச்சாளர் என்றதும் நம் ஆள் மனதில் ஓடிவருகிறார். ஆறு பந்து போடுகிறார், பந்து தரையில் பட்டு எழுகிறது, அப்புறம் எல்லைக்கோட்டில் போய் நிற்கிறார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வருகிறார். பிட்சர் ஓடுவதே இல்லை. பத்து அங்குல உயர மேட்டில், பதித்த பலகையில் கால் வைத்து நின்றபடி எறிகிறார். பந்து தரையில் படாமல் போக வேண்டும். ஆட்டத்திலிருந்து மாற்றிவிட்டால் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. முதலில் இறங்கும் பிட்சர் ஒருமுறை எறிந்தால் பொதுவாக நான்கைந்து நாள் ஓய்வு.

நண்பர் விடவில்லை. 1845இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் பேஸ்பால் சங்கம் எழுதிய விதியில் பந்தை 'பிட்ச்' செய்ய வேண்டும், எறியக் கூடாது என்றே இருக்கிறதே என்றார். உண்மைதான். ஆனால் அன்றைக்குக் கையை இடுப்புக்குக் கீழே ஆட்டி, அடிப்பவருக்கு வாகாகப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஆளை வீச்சாளர் என்று சொல்லுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன். 1884இல் அமெரிக்காவின் தொழில்முறைப் பேஸ்பால் அமைப்பான நேஷனல் லீக் தலைக்கு மேலிருந்து எறிய அனுமதித்துவிட்டது. 1893இல் பிட்சருக்கும் மட்டையாளர் பக்கத் தளத்துக்கும் இடையிலான தூரத்தை 60 அடி 6 அங்குலமாக்கினார்கள். இப்போது ஆங்கிலச் சொல் மட்டும்தான் பழையது, வேலை மாறிவிட்டது. நாம் சொல்லை மொழிபெயர்க்கிறோமா, வேலையையா? 511 வெற்றிகளோடு இன்றும் எட்ட முடியாத இடத்தில் இருக்கும் பிட்சர் சை யங் 1890இல் ஆட வந்தவர். அவரைக்கூடப் பழைய வீச்சுக் கணக்கில் சேர்க்க முடியாது.

எறி என்றால் நண்பருக்குக் குப்பையை எறிவது போல இருக்கிறதாம். பள்ளி விளையாட்டு விழாவில் குண்டு எறிதல், வட்டு எறிதல், ஈட்டி எறிதல் என்று அறிவிக்கும்போது யாருக்கும் குப்பை நினைவு வருவதில்லை. 'விழித்தகண் வேல்கொண் டெறிய' என்று குறளிலேயே இருக்கிறது. எதிரி வேல் எறியும்போது கண் இமைத்தால் அதுவே தோல்வி என்கிறார். பேஸ்பால் மட்டையாளருக்கு வேறு பாடம் தேவையில்லை. 2008இல் இந்தியாவிலிருந்து தேர்ந்தெடுத்து பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி சேர்த்துக்கொண்ட ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் (கிரிக்கெட் ரிங்கு சிங் வேறு ஆள்) எதிலிருந்து வந்தார்கள் தெரியுமா? கிரிக்கெட்டிலிருந்து அல்ல, ஈட்டி எறிதலிலிருந்து.

ஆகவே எறிநர். கடிதத்தின் தலையில் எழுதும் அனுப்புநர், பெறுநர் மாதிரி. (அனுப்புனர் என்று எழுதுகிறவர்களோடு இன்னொரு நாள் சண்டை.) எறியாளர் என்றாலும் எனக்குச் சம்மதம். எறிவாளர் வேண்டாம், வாளை எறிகிறவர் போலக் கேட்கிறது. பிட்சர் என்றே எழுதலாமே என்றால், தனித்தமிழ்ப் பிடிவாதம் எனக்குக் கிடையாது, பேஸ்பாலை பேஸ்பால் என்றுதானே எழுதுகிறேன். ஆனால் பிட்ச் என்றால் நமக்கு ஆடுதளம். பிட்சர் பேச்சில் சினிமா பிக்சராகிவிடும்.

மற்றதெல்லாம் இதைவிட மோசம். நடுவில் வந்து கைகொடுக்கும் ரிலீவருக்கு 'நிவாரணப் பந்துவீச்சாளர்' என்று அதே படத்தில் போட்டிருந்தார்கள், வெள்ளத்துக்கு அரிசி மூட்டையோடு வருகிறவர் போல. மாற்று எறிநர் என்றால் முடிந்தது. மட்டையாளர் கோட்டைவிடும் பந்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரைக்' என்று பெயர், மூன்றானால் அவுட். அதற்கு 'மூன்று வேலைநிறுத்தங்களில் ஆட்டமிழந்தார்' என்று ஒரு வரி. 1994இல் ஆட்டக்காரர்கள் நிஜமாகவே வேலைநிறுத்தம் செய்து, இறுதிப் போட்டியான உலகத் தொடரே நடக்காமல் போனது. அந்த இடத்தில் பார்த்து 'அடி' என்று மொழிபெயர்த்திருந்தார்கள்.

எறிநருக்கு எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவருக்கு அந்தப் படத்தில் விக்கெட் காப்பாளர் என்று பெயர். அந்த ஆட்டத்தில் விக்கெட்டே கிடையாது.