ரிலீஃப் வால்வு, பல்சேஷன் டேம்ப்னர்: சொல்லும் அவற்றுக்குரிய இடமும்

பம்பின் வெளியேற்றுக் குழாயமைப்பைப் பற்றிய பேச்சில் சேர்ந்தே வரும் சொற்கள் இவை. ரிலீஃப் வால்வு என்பது அழுத்தம் குறித்த வரம்பைத் தாண்டியதும் தானாகத் திறந்து நீர்மத்தை வெளியே விடும் கருவி. பல்சேஷன் டேம்ப்னர் என்பது பம்பு விட்டுவிட்டுத் தள்ளும் நீர்மத்தின் துடிப்பை ஏற்றுத் தணிக்கும் கலம். பிஸ்டன், பிளஞ்சர், டயாஃப்ரம் வகைப் பம்புகளுக்கே இவை பெரிதும் தேவைப்படுகின்றன. மையவிலக்குப் பம்பின் வெளியேற்றுக் குழாய் அடைபட்டால் அழுத்தம் ஓர் எல்லையில் நின்றுவிடும்; ஒவ்வொரு வீச்சிலும், அதாவது பிஸ்டனின் ஒவ்வொரு தள்ளலிலும், குறிப்பிட்ட கொள்ளளவைத் தள்ளியே தீரும் பிஸ்டன் பம்பிலோ, மோட்டார் திணறி நிற்கும் வரையோ ஏதேனும் ஓர் உறுப்பு உடையும் வரையோ அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

‘வால்வு’ என்ற சொல்லின் மூலமான இலத்தீன் ‘வால்வா’, மடக்குக் கதவின் ஓர் இதழைக் குறித்தது. அதனால் தமிழில் வழங்கும் ‘அடைப்பிதழ்’ மூலப்பொருளுக்கு மிக நெருங்கியதாக அமைந்துள்ளது. ‘ரிலீஃப்’ என்பதோ பாரத்தைத் தூக்கி இலேசாக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இதை ‘அழுத்தக் குறைப்பு வால்வு’ என்று பெயர்ப்பது பிழை என்றே கருதுகிறேன். ஏனெனில் அப்பெயருக்கு உரிய கருவி வேறு: அது முதன்மைக் குழாயிலேயே அமர்ந்து, எப்போதும் நீர்மத்தைத் தன்னூடே செலுத்தி, தனக்கு அப்பால் உள்ள அழுத்தத்தைத் தாழ்த்தி வைப்பது. ரிலீஃப் வால்வு ஒரு கிளைக்குழாயில் மூடியே காத்திருந்து, தனக்கு முன்னுள்ள அழுத்தம் மிகும்போது மட்டும் திறப்பது. ஆகவே ‘அழுத்த விடுவிப்பு அடைப்பிதழ்’ என்பதே பொருந்தும்.

1679-இல் நீராவிக் கலத்தை உருவாக்கிய டெனி பாப்பினோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘சேஃப்டி வால்வு’, அதாவது காப்பு அடைப்பிதழ், இதன் நெருங்கிய உறவு. ஆவிக்கும் வளிமத்துக்கும் உரிய அது வரம்பில் சட்டென முழுதாகத் திறக்கும். நீர்மத்துக்கான விடுவிப்பு அடைப்பிதழ் அழுத்தம் மிகும் அளவுக்கு ஏற்பப் படிப்படியாகத் திறக்கும்.

விடுவிப்பு என்னும் பொருளே அதன் இடத்தையும் காட்டுகிறது. பம்பின் வெளியேற்று வாய்க்கும், ஓட்டத்தை நிறுத்த மூடும் முதல் அடைப்பு வால்வுக்கும் இடையில்தான் அதற்கான கிளை பிரிய வேண்டும்; அடைப்பு வால்வுக்கு அப்பால் வைத்தால், அந்த வால்வு தவறுதலாக மூடப்படும் வேளையில் பம்புக்குக் காப்பே இராது. அதன் நுழைவிலோ வெளிவழியிலோ மூடக்கூடிய வேறொரு வால்வும் குறுக்கிடலாகாது. விடுவிக்கப்பட்ட நீர்மத்தை உறிஞ்சு குழாயில் நேராகச் சேர்ப்பதைவிட மூலத் தொட்டிக்கே திருப்புவது நல்லது. சிறு சுற்றிலேயே அது திரும்பத் திரும்ப ஓடினால் பம்பு கொடுக்கும் ஆற்றல் முழுவதும் வெப்பமாகி நீர்மத்தைச் சூடாக்கும். திறக்கும் அழுத்தத்தைச் சராசரி அழுத்தத்தை மட்டும் பார்த்துக் குறித்துவிடக் கூடாது. துடிப்பின் உச்சம் அதைத் தொட்டால், ஒவ்வொரு வீச்சுக்கும் அடைப்பிதழ் சிறிது திறந்து மூடி, மூடும்போது இதழ் படியும் இருக்கை தேய்ந்து கசியத் தொடங்கும்.

அந்தத் துடிப்பைக் குறிக்கும் ‘பல்சேஷன்’ இலத்தீனில் அடித்தலையும் மோதலையும் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நாடித்துடிப்பைச் சுட்டும் ‘பல்ஸ்’ அதன் உடன்பிறப்பு. ஒரே சிலிண்டரும் ஒற்றைச் செயலும் (ஒரு திசை வீச்சில் மட்டும் தள்ளுவது) கொண்ட பம்பில் ஓட்டத்தின் உச்சம் சராசரியைப்போல் சுமார் 3.14 மடங்கு என்பதால், இங்கே துடிப்பு என்பது வெறும் உவமைப் பெயரன்று. ‘டேம்ப்’ முதலில் ஆவியையும் மூச்சடைக்கும் வளியையும் குறித்து, பின்னர் நெருப்பை அமர்த்துதல், அடக்குதல் என விரிந்தது. ஈரம் என்ற இன்றைய பொருள் இங்கே சேராது. இயற்பியல் பாடநூல்கள் ‘தடையுறு அலைவு’ என்று எழுதுவதைப் பின்பற்றித் ‘தடையுறுத்தி’ என்றும் சொல்லலாம்தான். ஆயினும் இக்கலம் ஓட்டத்தைத் தடுப்பதில்லை: கலத்தினுள் நீர்மத்தைப் பிரித்து நிறுத்தும் சவ்வுக்கு அப்பால் அடைத்துள்ள நைட்ரஜன் வளிமம் உச்சத்தின்போது அமுங்கி மிகையை வாங்கி, தாழ்வின்போது விரிந்து அதைத் திருப்பித் தருகிறது. எனவே ‘துடிப்புத் தணிப்பி’ என்பதே என் தேர்வு.

துடிப்பு பிறக்கும் இடத்திலேயே அது தணிய வேண்டும் என்பதால், தணிப்பி பம்பின் வெளியேற்று வாய்க்கு இயன்றவரை அருகில், முதல் வளைவுக்கும் முன்பாக அமைவது சிறந்தது. நீண்ட, குறுகிய கிளைக்குழாயின் முனையில் வைத்தால், அக்கிளையில் தேங்கிய நீர்மத்தின் நிலைமமே விரைவான துடிப்பு கலத்தை எட்டாமல் செய்துவிடும். பராமரிப்புக்காகத் தணிப்பியின் கிளையில் அடைப்பு வால்வு வைக்கலாம். ஆனால் அதை மூடும்போது விடுவிப்பு அடைப்பிதழ் பம்பிலிருந்து துண்டிக்கப்படாதபடி கிளைகள் பிரிந்திருக்க வேண்டும். குழாயில் எதிரழுத்தம், அதாவது பம்பின் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் அழுத்தம், போதாதபோது அதைத் தரும் வால்வைத் தணிப்பிக்கு அப்பால் வைப்பார்கள். நைட்ரஜனைக் குழாயில் அழுத்தம் இல்லாத நிலையில், பெரும்பாலும் இயங்கு அழுத்தத்தின் 60 முதல் 80 விழுக்காடு வரை, தயாரிப்பாளர் குறித்தபடி நிரப்ப வேண்டும்; அது இயங்கு அழுத்தத்தை மிஞ்சிவிட்டால் நீர்மம் கலத்தினுள் நுழையவே முடியாது, துடிப்பும் குறையாமல் குழாயெங்கும் பரவும்.