பேட்டரி வீல்சேரா, கையால் தள்ளுவதா? முதலில் குளியலறைக் கதவை அளந்து வாருங்கள்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாள் நெருங்கும்போது, நோயாளியின் மகனோ மருமகளோ கைப்பேசியில் நான்கைந்து படங்களைக் காட்டி, "பேட்டரியில் ஓடுவதை வாங்கலாமா, கையால் தள்ளுவதே போதுமா?" என்று கேட்பது வழக்கம். இயன்முறை மருத்துவராக நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, வீட்டுக் குளியலறைக் கதவின் அகலம் எவ்வளவு என்பதுதான். நான் கேள்வியைத் தட்டிக்கழிப்பதாகச் சிலர் நினைப்பதுண்டு. ஆனால் நம் ஊர்ப் பழைய வீடுகள் பலவற்றில் அந்தக் கதவு 24 அங்குலத்தைத் தாண்டுவதில்லை. 18 அங்குல இருக்கை கொண்ட சாதாரண சக்கர நாற்காலியோ, ஒரு சக்கரத்தின் வெளிவிளிம்பிலிருந்து மறு சக்கரத்தின் வெளிவிளிம்பு வரை 25 அங்குலத்துக்குக் குறையாது.

தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஓர் இளைஞருக்கு, உறவினர்கள் சேர்ந்து பணம் திரட்டிப் பேட்டரி வீல்சேர் வாங்கித் தந்தார்கள். அவருடைய இரண்டு கைகளும் மரம் ஏறி உரமேறியவை. சில மாதங்கள் கழித்து நான் வீட்டுக்குச் சென்றபோது, நாற்காலி திண்ணையோரம் சாக்குப் போர்த்தி நின்றது. அவர் உள்ளே பாயில் கிடந்தார். வாசலில் மூன்று படிகள். கையால் தள்ளும் நாற்காலியாக இருந்தால், பழகிய இருவர் அதைப் பின்பக்கம் சாய்த்து, ஆளோடு சேர்த்தே படியேற்றி விடலாம். நாற்பது ஐம்பது கிலோ எடையுள்ள பேட்டரி நாற்காலியை ஆளோடு தூக்குவது நடக்கிற காரியமன்று. சாய்தளம் கட்டலாமே என்றால், ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது கணக்கு; ஆறங்குலப் படிகள் மூன்றுக்கு 18 அடி நீளம் வேண்டும். அவர்கள் வாசலுக்கும் தெருவுக்கும் இடையே அவ்வளவு இடம் இல்லை.

உடல் சொல்லும் பதில் பெரும்பாலும் தெளிவானது. கழுத்துத் தண்டுவடத்தில், மேலிருந்து எண்ணும்போது நான்காம் நிலையிலோ அதற்கு மேலோ முழுமையான காயம் என்றால், கைகளால் சக்கரத்தைச் சுழற்ற முடியாது. பேட்டரி நாற்காலியைத் தவிர வேறு வழியில்லை. ஐந்தாம் நிலையில் வீட்டுக்குள் சமதளத்தில் ஓரளவு தள்ளலாம், வெளியே செல்லப் பேட்டரி தேவை. ஆறாம் நிலையில், சக்கரத்தின் வெளிப்புறம் கையால் உந்தும் தள்ளுவளையத்துக்கு வழுக்காத உறையிட்டுச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்புப் பகுதிக்குக் கீழே காயம்பட்டு, தோளும் கையும் நன்றாக இருக்கும் இளவயதினருக்குக் கையால் தள்ளும் நாற்காலியே என் முதல் பரிந்துரை.

ஆனால் எந்தக் கைநாற்காலி என்பதில்தான் பெரும்பாலானோர் ஏமாந்து போகிறார்கள். மருத்துவமனை நடைகூடத்தில் நிற்கும் நாற்காலி, நோயாளியை வேறொருவர் ஸ்கேன் அறைக்குத் தள்ளிச் செல்வதற்காகச் செய்யப்பட்டது; வாழ்நாள் முழுவதும் உட்கார்ந்து தானே ஓட்டுவதற்கானதன்று. இருக்கை இடுப்பின் அகலத்தைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் அகன்றிருக்கக் கூடாது. முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். கையைத் தள்ளுவளையத்தின் உச்சியில் வைக்கும்போது முழங்கையில் மேற்கைக்கும் முன்கைக்கும் இடையிலான கோணம் சுமார் 100 முதல் 120 பாகை வரை இருக்க வேண்டும். பின்சக்கரத்தின் அச்சு சற்று முன்னால் தள்ளி அமைந்தால் தள்ளும் பளு வெகுவாகக் குறையும். இவை எதையும் பார்க்காமல், 18 கிலோ எடையுள்ள அகலமான நாற்காலியைக் கொடுத்துவிட்டு, "தள்ளினால் கைக்கு உடற்பயிற்சிதானே" என்று சொல்வது தவறு. தோள்மூட்டு உடலின் பாரத்தைத் தாங்குவதற்காக அமைந்ததன்று. தள்ளுவதும், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே உடலைத் தூக்கி மாற்றுவதுமாகச் சேர்ந்து அது தேய்கிறது. பல ஆண்டுகள் தாமே தள்ளியவர் தோள்வலியோடு வந்து பேட்டரி நாற்காலி கேட்டால், அதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டார் எண்ண வேண்டாம்.

பக்கவாதம் வந்தவர்களின் நிலை வேறு. ஒரு பக்கக் கையும் காலும் நன்றாக இருந்தால், இருக்கையின் உயரத்தைக் குறைத்து, பாதம் தரையில் முழுமையாகப் படும்படி செய்தாலே அவர் கையால் உந்தியும் காலால் இழுத்தும் வீட்டுக்குள் தாமே சுற்றி வருவார். அவர்களில் சிலருக்கு, குறிப்பாக மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, இடப்பக்க உலகமே கவனத்தில் பதியாது. அவர்களிடம் பேட்டரி நாற்காலியை இயக்கும் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தால் நிலைக்கதவில் மோதுவார்கள், அல்லது அடுப்படியில் நிற்பவர் மேல் ஏற்றுவார்கள். கட்டுக்குள் வராத வலிப்பு, மிகக் குறைந்த பார்வை ஆகியவை இருந்தாலும் இதே எச்சரிக்கை தேவை.

தசைச்சிதைவு நோயுள்ள சிறுவர்களின் பெற்றோரிடம் நான் எதிர்த்திசையில் வாதாட வேண்டியிருக்கிறது. பேட்டரி நாற்காலியில் ஏறினால் பிள்ளை நடப்பதை அடியோடு விட்டுவிடுவான் என்ற அச்சத்தில் தள்ளிப்போடுகிறார்கள். நடை நிற்பது நோயின் போக்கால், நாற்காலியால் அன்று. நண்பர்களோடு பள்ளி மைதானத்தைச் சுற்றிவர வேண்டிய வயதில், யாராவது தள்ளட்டும் என்று அவன் காத்திருப்பதுதான் வீண் இழப்பு. இவர்களுக்கு முதுகெலும்பு வளையும் வாய்ப்பு அதிகம் என்பதால், மோட்டாரின் வேகத்தைவிட முதுகையும் பக்கவாட்டையும் தாங்கும் இருக்கை அமைப்பையே முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் இப்போது உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி 2021-இல் அறிமுகமான நியோபோல்ட், அதனுடன் வந்த நியோஃப்ளை என்ற கைநாற்காலியின் முன்னால் பொருத்திக்கொள்ளும் மோட்டார் வண்டி. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை செல்லும். வீட்டுக்குள் கழற்றி வைத்துவிட்டுக் கையாலேயே ஓட்டலாம். கைவலு உள்ளவர், வேலைக்கு வெளியே போகிறவர் என்றால் இதைப் பரிசீலிக்கச் சொல்கிறேன்.

விலையைப் பற்றி ஒன்று மட்டும். தசைச்சிதைவு நோய், தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு பேட்டரி சக்கர நாற்காலியை இலவசமாக வழங்குகிறது. கடன் வாங்குவதற்கு முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். எந்த நாற்காலியாயினும், உணர்ச்சியற்ற உடலுக்கு நல்ல குஷன் இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். குஷனைக் கூடுதல் செலவாகக் கருத வேண்டாம்.

பேட்டரி நாற்காலிதான் என்று முடிவாகிவிட்டால், வாங்கும் இடத்திலேயே மோட்டாரைச் சக்கரத்திலிருந்து விடுவிக்கும் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று கேட்டு, வீட்டார் ஒவ்வொருவரும் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நடுவழியில் மின்னேற்றம் தீர்ந்தால் அதைத் திருப்பிய பிறகுதான் நாற்காலியைத் தள்ள முடியும். ஆனால் சரிவில் நிற்கும்போது திருப்பக் கூடாது. மோட்டாரோடு சேர்ந்து பிரேக்கும் விடுபட்டு, நாற்காலி ஆளோடு உருளத் தொடங்கிவிடும்.